மூன்று கணினிகளும் ஓர் எழுத்தரும்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் இருந்த ஒரே கணினி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சன்னலுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது உயிரை விட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. பதினான்கு வருடம் உழைத்த கட்டை. கடைசி இரண்டு வருடம் இருமிக்கொண்டேதான் ஓடியது. அந்தப் பதினான்கு வருடமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், பிறகு எழுந்து போய் வரிசையைப் பார்த்து, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நாளை எவ்வளவு நீளமான நாள் என்று அப்போது அவருக்கே தெரியாது.

உண்மையில் அன்றைக்கு அவர் மனம் கணினியிலேயே இல்லை. முந்தின நாள் மாலைதான் மாற்றல் உத்தரவு கைக்கு வந்திருந்தது. அவருடைய மனைவி, பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நான்கு வயது மகளும் அங்கேதான். மனைவிக்கு இப்போது மூன்று மாதம். முதல் பிரசவத்தின்போது எழுத்தர் போய்ச் சேர்வதற்குள் மகள் பிறந்து, குளித்து, தூங்கியே போயிருந்தாள். மனைவி அதை ஒருதரம்கூடக் குத்திக்காட்டியதில்லை. அதனாலேயே அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவையாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் ஆளாகத் தான் நிற்க வேண்டும் என்று, குடும்பத்துக்குத் துணை வேண்டும் எனக் காரணம் காட்டி, மனு மேல் மனுவாகப் போட்டு வாங்கிய உத்தரவு அது. இங்கிருந்து விடுவித்து ஒரு தாள் கொடுத்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தத் தாளைக் கேட்க அவர் அலுவலகத் தலைவரின் அறைக்குப் போனார். போன நேரம் சரியில்லை. புதுக் கணினி வாங்குவதற்கான ஒப்பீட்டுக் குழுவைத் தலைவர் அப்போதுதான் அமைத்துக்கொண்டிருந்தார். கணினியை நிஜமாகவே பயன்படுத்துகிற ஒரு ஆள் குழுவில் இருக்க வேண்டுமாம். ரெண்டே நாள் வேலை, ஒரே ஒரு கையெழுத்து, முடித்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்புங்கள் என்றார். எழுத்தர் நல்ல மனிதர். தனக்குப் பின்னால் வருகிறவராவது இருமாத இயந்திரத்தின் முன்னால் உட்காரட்டும் என்று நினைத்து, பயனாளர் உறுப்பினர் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய்ந்த பிறகு தலைவர் கொள்முதல் கையேட்டைப் புரட்டி, குழு அறிக்கை தரும்வரை உறுப்பினர் எவரையும் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது, விடுப்பும் தரக் கூடாது என்ற விதியை வாசித்துக் காட்டினார். குழுவிலிருந்து விலகலாமா என்று எழுத்தர் கேட்டார். தாராளமாக விலகலாம், விலகல் கடிதத்தைக் குழு தன் கடைசிக் கூட்டத்தில் பரிசீலிக்கும் என்று பதில் வந்தது.

மறுநாளே முதல் கூட்டம். தலைவரே குழுவுக்கும் தலைவர். விலை பார்க்கக் கணக்கு அதிகாரி. தொழில்நுட்பத்துக்கு ஒருவர் வேண்டுமே என்று அலுவலகத்தில் இருந்த ஒரே பொறியாளரைப் போட்டிருந்தார்கள். அவர் முப்பது வருடமாகத் தண்ணீர்ப் பம்பு பார்க்கிறவர். நான்காவது நம் எழுத்தர். மேஜையில் கட்டம் போட்ட ஒரு படிவம் இருந்தது. மூன்று நிறுவனங்களின் கணினிகளை விலை, நம்பகத்தன்மை, பயன்படுத்தும் எளிமை என்ற மூன்று கட்டங்களில் ஒப்பிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று எழுத்தர் நினைத்தார்.

டீ ஆறியது. அடுத்த டீயும் ஆறியது. விலையை முதல் கட்டத்தில் போட்டால் நம்மைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று நினைப்பார்களா என்ற கேள்வியைத் தலைவர் எழுப்பினார். கடைசியில் போட்டால் பணத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள் என்று நினைப்பார்கள் என்றார் கணக்கு அதிகாரி. நடுவில் போடுவது என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருமனதாக முடிவானது. ஐந்து மணிக்கு மேல் எடுத்த முடிவு செல்லுமா என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அதற்குள் கடைக்காரர்கள் மூன்று மாதிரிக் கணினிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதன் நிறுவனத்தின் பெயர் பளபளவென்று இருந்தது. அதைக் கண்டதும் கணக்கு அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பேரைப் பாத்துட்டு முடிவு பண்ணினா அது சிபாரிசு சார்" என்றார் அவர். "நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து, ஏன் இந்தக் கம்பெனி பேரைப் பாத்தீங்கன்னு கேட்டா, பாக்கலைன்னு சொல்ல நமக்கு ஒரு வழி வேணுமில்ல?"

வழி பழுப்புக் காகிதத்தில் இருந்தது. கணக்கு அதிகாரியே தம் கையால் பசை தடவி, மூன்றின் மேலும் பெயர் தெரியாமல் காகிதம் ஒட்டி, அ, ஆ, இ என்று எழுதினார். எது எந்த நிறுவனம் என்ற பட்டியல் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டது. கடமை வேகத்தில் ஆ-வின் இயக்கும் பொத்தான் மேலும் காகிதம் ஒட்டிவிட்டது. அதன் பிறகு ஆ-வை யாராலும் இயக்க முடியவில்லை. பொத்தான் காகிதத்துக்குக் கீழே இருக்கிறது என்று எழுத்தர் சுட்டிக்காட்டினார். குழு ஒட்டியதைக் குழுத் தீர்மானம் இல்லாமல் கிழிக்கக் கூடாது என்பதால், பொத்தான்களின் தொல்லை இல்லாத எளிய வடிவமைப்பு என்று ஆ-வின் கட்டத்தில் குறித்துக்கொண்டார்கள்.

பம்புப் பொறியாளர் அதிகம் பேசமாட்டார். அவர் மூன்று கணினிகளையும் தடவிப் பார்த்து, எத்தனை குதிரைசக்தி என்று கேட்டார். அப்படி ஒன்று கணினிக்குக் கிடையாது என்று எழுத்தர் பணிவாகச் சொன்னார். அப்படியானால் கசிவுச் சோதனையாவது நடத்தியே தீர வேண்டும் என்றார் பொறியாளர். இந்த அலுவலகத்துக்குள் வந்த எந்த இயந்திரமும் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் கிடக்காமல் உள்ளே நுழைந்ததில்லை. கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. எழுத்தர் எவ்வளவோ மன்றாடியதில், மூன்றுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் சோதிப்பது என்று இரக்கப்பட்டார்கள். இ தொட்டிக்குள் போனது. மறுநாள் வெளியே எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்து, நால்வரும் சுற்றி நின்று மூன்று மணி நேரம் பார்த்தார்கள். உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. கசிவு இல்லை, தேர்ச்சி என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டார்.

நம்பகத்தன்மைக்கு ஆறு மாதம் பழுதில்லாமல் இருந்ததற்குச் சான்று வேண்டும் என்றது கையேடு. ஆறு மாதம் என்றதும் எழுத்தருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. இன்று மூன்றாம் மாதம். விரலை மடக்கிப் பார்த்தார். கணக்கு நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் இடித்தது. பழுதாகுமா என்று பார்க்க ஓட்டித்தானே பார்க்க வேண்டும், என்னிடம் கொடுங்கள், இரண்டு வாரத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று கெஞ்சினார். தலைவருக்கு அந்த யோசனை அதிர்ச்சியாக இருந்தது.

"நீங்க தொட்டு அது பழுதாச்சுன்னா, அது கணினியோட தப்பா, உங்க தப்பான்னு எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேட்டார். "யாருமே தொடலைன்னா அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். அதுதான் அதோட உண்மையான குணம்."

கணினிகள் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. திங்கட்கிழமை தோறும் நால்வரும் கூடி, அலமாரியைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்து, பழுது காணப்படவில்லை என்று எழுதிப் பூட்டினார்கள். இ மட்டும் சில வாரம் களக் களக் என்றது. சத்தம் வந்தால் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார் பொறியாளர்.

மற்ற நாட்களில் எழுத்தர் வெறும் மேஜையின் முன்னால் உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொன்னார். கையால் எழுதிய இணைப்பு உத்தரவு செல்லாது. பாதி கட்டிய வீட்டோடு அலைந்த கொத்தனார் ஒருவர், சார், எந்த நாளைன்னு மட்டும் சொல்லிடுங்க என்றார். எழுத்தருக்குத் தலைகுனிவாக இருந்தது. அவருக்கும் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய், மனைவியோடு நான்கு மணி நேரம் இருந்துவிட்டு, திங்கட்கிழமை அலமாரியைப் பார்க்க ஓடி வந்தார். மகள் அவரை விருந்தாளி என்றே நினைத்திருந்தாள். அவர் வந்தால் நல்ல தட்டை எடுத்து வைத்தாள்.

விலைக் கட்டம் வேறு வகையில் படுத்தியது. கடைக்காரர் கொடுக்கும் விலை முப்பது நாளுக்குத்தான் செல்லும். முப்பது நாளில் விலை மாறும். சில சமயம் அந்த ரகமே நின்றுபோய்ப் புது ரகம் வரும். புது ரகத்துக்கு நம்பகத்தன்மைச் சான்று ஆறு மாதம். ஆறு மாதத்தில் விலை ஆறு தடவை மாறும். இந்த இரண்டும் இந்த ஜென்மத்தில் சந்திக்காது என்று எழுத்தர் ஒரு தாளில் படம் வரைந்தே காட்டினார். கணக்கு அதிகாரி படத்தை ரசித்துப் பார்த்தார்.

"இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு தடவைகூட விலை கூடுதலா கொடுத்து எதையும் வாங்கினேன்னு யாரும் சொன்னதில்லை" என்றார். "ஏன் தெரியுமா? எதையும் வாங்கினதில்லை."

மூன்றாவது கட்டம் பயன்படுத்தும் எளிமை. இது தன் வேலைதான் என்று எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பதினான்கு வருடம் கணினியில் புழங்கியவருக்கு எல்லாமே எளிதாகத்தான் தெரியும், அவர் கருத்து ஒருதலைப்பட்சம் என்று ஆட்சேபம் வந்தது. கணினியையே தொடாத ஒருவர்தான் நடுநிலையாகச் சொல்ல முடியும். அப்படிப்பட்டவர் யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது தலைவர் மெல்ல எழுந்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்" என்றார். குரல் தழுதழுத்தது. "ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்லை. டைப் பண்ணச் சொல்லியிருக்கேன், அனுப்பச் சொல்லியிருக்கேன், அழிக்கச் சொல்லியிருக்கேன். தொட்டதில்லை. அந்தச் சுத்தம் இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு இருக்கு?"

அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றின் முன்னாலும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்றுமே தம்மை ஒன்றும் செய்யவில்லை, ஆகவே மூன்றும் சமமாக எளிமை என்று எழுதினார்.

மனைவிக்கு ஆறு மாதமானது. போனில் அவள் எதுவும் கேட்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் நேராகக் கடைவீதிக்குப் போனார். கணினிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண், என்ன வேலைக்கு, எவ்வளவுக்குள், கெட்டுப்போனால் பார்க்க ஆள் இருக்கா என்று மூன்று கேள்வி கேட்டாள். மூன்று நிறுவனங்களின் கணினிகளை வரிசையாக இயக்கிக் காட்டினாள். இது மலிவு, ஆனால் இரண்டு வருடத்தில் படுத்துவிடும். இது உறுதி, ஆனால் உங்கள் வேலைக்கு இவ்வளவு தேவையில்லை. இதை எடுங்கள் சார், பழுதானால் பக்கத்துத் தெருவிலேயே பார்க்கிறார்கள் என்றாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எழுத்தருக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. வீட்டுச் சாமான்களை ஏற்றிப் போக என்று வைத்திருந்த பணத்தைக் கொடுத்து அதை வாங்கி, தோளில் சுமந்து வந்து, அலுவலகத்துக்கு இது என் அன்பளிப்பு, வைத்துக்கொண்டு என்னை விட்டுவிடுங்கள் என்று தலைவரின் மேஜையில் இறக்கினார்.

குழு நெகிழ்ந்துபோனது. கணக்கு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பசை டப்பாவைத் தேடினார். பழுப்புக் காகிதம் ஒட்டி, ஈ என்று எழுதினார்கள். நான்காவதாக ஒன்று சேர்ந்துவிட்டதால், ஒப்பீடு முதல் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று தலைவர் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கினார். சாயங்காலம் எழுத்தர் நடந்ததை மனைவியிடம் போனில் சொன்னார்.

"நம்ம காசுலயா?" என்று கேட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எட்டாம் மாதமும் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தபோது எழுத்தர் ஒரு முடிவுக்கு வந்தார். இவர்களோடு இத்தனை கூட்டம் உட்கார்ந்ததில் இவர்களுடைய நாடி அவருக்குப் பிடிபட்டிருந்தது. அறிக்கையைத் தானே எழுதினார். நான்கு கணினிகளும் எல்லா வகையிலும் சமம்; ஒன்றை வாங்கினால் மற்ற மூன்றுக்கும் அநீதி; ஆகவே எதையும் வாங்க வேண்டாம். மூவரும் வரிவரியாகப் படித்தார்கள். இவ்வளவு பொறுப்பான அறிக்கையைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். கணக்கு அதிகாரி இரண்டு இடத்தில் போட்டார். குழு கலைந்தது. எழுத்தர் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார்.

மறுநாள் காலை விடுவிக்கும் தாளை வாங்கப் போனபோது தலைவர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். மனைவியின் ஊர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு எழுத்தர்கள் மாற்றல் கேட்டிருக்கிறார்களாம். மூவரையும் ஒப்பிட்டு ஒருவரைத் தேர்ந்து அனுப்பவும் என்று எழுதியிருந்தது. இந்த வட்டாரத்திலேயே ஒப்பிடுவதில் அனுபவம் உள்ள குழு இதுதான் என்பதால் வேலை இங்கேயே வந்துவிட்டதாம். படிவம் அதே படிவம்தான். விலை, நம்பகத்தன்மை, பயன்படுத்தும் எளிமை.

எழுத்தர் கலங்கவில்லை. சொல்லப்போனால் உள்ளூரச் சந்தோஷப்பட்டார். இந்தப் பரீட்சைக்கு இவரைவிடத் தயாரான ஆள் எங்கே கிடைப்பார்? இரண்டு நாள் கழித்து மற்ற இரண்டு எழுத்தர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வழுக்கைத் தலை, இன்னொருவர் கண்ணாடி போட்ட இளைஞர். கணக்கு அதிகாரி மூவரின் சட்டையில் இருந்த பெயர் அட்டை மேலும் பழுப்புக் காகிதம் ஒட்டினார். நம்மவர் அ. விலையில் அ முதலிடம். பதினான்கு வருடத்தில் பதவி உயர்வே வராததால் சம்பளம் குறைவு. நம்பகத்தன்மையிலும் அ முதலிடம். ஆறு மாதமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. கொடுத்தால்தானே எடுப்பதற்கு. மிச்சம் இருந்தது எளிமை. அதற்கு ஒரே கேள்வி. வேலை நேரத்தில் வீட்டிலிருந்து அவசரமாகப் போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

வழுக்கைத் தலைக்காரர், என்ன ஏதென்று கேட்டுவிட்டு ஓடுவேன் என்றார். கண்ணாடிக்காரர், கேட்காமலே ஓடுவேன் என்றார். கணக்கு அதிகாரி உதட்டைப் பிதுக்கி எழுதிக்கொண்டார்.

அ-வின் முறை வந்தது. அவர் வாயைத் திறக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்; இருந்தாலும் மனம் கேட்கவில்லை. எடுக்கலாம். எடுத்தால் வழுக்கையும் கண்ணாடியும் போன வழிதான். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். போன் நின்றது. திரும்பவும் அதிர்ந்தது.

"எடுக்க மாட்டேன் சார்" என்றார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்ல. நான் இல்லாமலே அவங்க சமாளிச்சுப்பாங்க."

போன் நாலைந்து தடவை அதிர்ந்து ஓய்ந்தது. நேரில் நிரூபித்தார் என்று கணக்கு அதிகாரி எழுதி அடிக்கோடிட்டார். பம்புப் பொறியாளர்கூட, நல்ல அழுத்தம் தாங்குகிறார் என்று முதன்முறையாகப் பாராட்டினார். மூன்று கட்டத்திலும் அ முதலிடம் என்று தலைவர் அறிவித்தார். எழுத்தர் எழுந்து கும்பிட்டார். தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மாற்றல் உத்தரவை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு சின்ன விஷயம். உங்க குடும்பத்துக்கு நீங்க துணையா இருக்கணும்னுதான் இந்த மாற்றல் கொடுத்திருக்காங்க. ஆனா நீங்க இல்லாமலே சமாளிச்சுப்பாங்கன்னு இப்ப நீங்களே குழு முன்னாடி சொல்லிட்டீங்க. காரணம் போயிடுச்சு, அதனால உத்தரவும் போயிடுச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். இவ்வளவு நம்பகமான ஆளை வெளியில அனுப்ப எங்களுக்கு மட்டும் மனசு வருமா?" என்றார். இரண்டாம் இடம் பிடித்த வழுக்கைத் தலைக்காரர் அந்த ஊருக்குப் போகலாம் என்று முடிவானது. குழுவினர் மூவரும் எழுத்தரின் கையைக் குலுக்கிவிட்டு, மற்ற இரண்டு எழுத்தர்களையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

அறையில் எழுத்தர் மட்டும் இருந்தார். போனை எடுத்துப் பார்த்தார். மனைவியின் எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள். அந்த எண்ணை அழுத்தினார். மகள்தான் எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, பாப்பா வந்துடுச்சு" என்றாள். "சின்னதா இருக்கு. அம்மா படுத்திருக்காங்க, என்கிட்ட போனைக் கொடுத்துட்டாங்க. நீங்க போன் எடுக்கலைன்னா பஸ்ஸுல ஏறிட்டீங்கன்னு அர்த்தம்னு அம்மா சொன்னாங்க. பஸ் எங்கப்பா வருது?"

எழுத்தர் சட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிள்ளிப் பார்த்தார். அது நன்றாக ஒட்டியிருந்தது.

"பாதி தூரம் வந்துட்டேம்மா" என்றார்.